காப்புக் கட்டிய குடியரசு

என் வீட்டுக்காரருக்கு அமெரிக்கா என்றால் உயிர். இப்போதிருக்கிற அமெரிக்காவைச் சொல்லவில்லை. காரும் மாடிக் கட்டடமும், என் அண்ணன் அங்கிருந்து அனுப்புகிற வாசனை சோப்பும் அவருக்கு ஒரு பொருட்டே கிடையாது. இருநூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்கா, பொய்முடி வைத்த பெரியவர்கள் இறகுப் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்த அமெரிக்கா, அதுதான் வேண்டும். சூவா நகரத்துச் சமபுலாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் பாரத்துக்கு வரலாறு நடத்தினார். பிள்ளைகளுக்காவது நாற்பது நிமிஷத்தில் மணி அடித்துவிடும். எனக்கு அடிக்காது. நான் சோறு போடுவேன், அவர் பாடம் போடுவார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள்.

எங்கள் இரண்டு குடும்பமும் சென்னையில் ரேகை வைத்துக் கப்பலேறி இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட வந்தவை. ஐந்து வருஷக் கட்டு. அதைத்தான் கிர்மிட் என்பார்கள். வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களுக்கு வந்த இங்கிலாந்து ஏழைகளும் கப்பல் கூலிக்குப் பதிலாக வருஷக் கணக்கில் உழைப்பை எழுதிக் கொடுத்து வந்தவர்கள்தான் என்று ஒரு நாள் கோயிலில் இவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்கள் தமிழ்க் குடும்பங்களின் சின்ன மாரியம்மன் கோயில். அப்போது அதற்குத் தலைவர் ஒரு லாரி முதலாளி. நகோனா என்கிற வேர்ச்சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"வெள்ளக்காரனுக்கே கிர்மிட்டா வாத்தியாரே?"

"ஆமாண்ணே. ஏழு வருசம்கூட உண்டு."

"கூலி லைன் வூட்லதான் இருந்தானா? கங்காணி சர்தார் அடிச்சானா?"

"அடிச்சாங்க."

"அச்சா," என்றார் லாரிக்காரர். மீதி நகோனாவை ஒரே மடக்கில் குடித்தார். அப்படி ஒரு திருப்தியை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை. ஆனால் இவர் விடுவாரா? அதன்பின் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துக் கொண்டுவந்து, அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஆயுளுக்கும் அடிமையாக வைத்த கதையையும் சொல்லி முடித்தார். திருப்தி போய்விட்டது. "நம்ம கட்டு அஞ்சு வருசத்துல அவுந்துடுச்சு," என்றார் லாரிக்காரர், காலிக் கிண்ணத்தை உருட்டிக்கொண்டே.

பிறகு ஒரு காலை நேரம், ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நடந்து போய், உட்கார்ந்திருந்த மந்திரிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. கொஞ்ச மாதத்தில் நாட்டின் அரசியல் சட்டமே இனிச் செல்லாது என்று வானொலியில் சொன்னார்கள். அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"நம்ம வீட்ட யாரும் எடுத்துக்கலயே, ஏன் இப்படி இருக்கீங்க?" என்றேன்.

"எழுதி வச்சதயே மதிக்கலன்னா அப்புறம் என்னத்த மதிப்பான்?" என்றார்.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக் கூடாது, பஸ் ஓடக் கூடாது என்று ஒரு ஆணை வந்தது. துவைத்த துணியைக் கொல்லையில் காயப்போடலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே வந்தவர், "மாசசூசெட்ஸ்லயும் அந்தக் காலத்துல இதே கததான். ஞாயித்துக்கெழம தெருவுல ஓடினா தண்டன," என்றார். நாடே பறிபோன துக்கத்திலும், ஒத்துப்போகிற உதாரணம் ஒன்று கிடைத்துவிட்டால் மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும். நான் துணியை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன்.

ஊர் காலியாகத் தொடங்கியது. வகுப்பில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒருவன் கனடா, ஒருத்தி சிட்னி, இன்னொருவன் ஆக்லாந்து. விடைபெற வருகிற பிள்ளைகளிடம் இவர், "அமெரிக்காவுக்கு மொதல்ல போனவங்க, கப்பல விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே, நாம எப்படிச் சேந்து இருக்கப்போறோம்னு ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. நீ என்ன எழுதின?" என்று கேட்பார். பிள்ளைகள் பாவம், விழிப்பார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் விசா மனு ஒன்றுதான்.

நாட்டுக்குச் சட்டம் எழுதித் தரச் சொல்லி இவரை யாரும் கூப்பிடவில்லை. ஆகவே கோயிலுக்கு எழுதினார்.

அதுவரை லாரிக்காரர் வைத்ததுதான் சட்டம். திருவிழா என்றைக்கு, கரகம் யார் எடுப்பது, கூட்டு யார் சமைப்பது எல்லாம் அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது. இது ராஜா ஆட்சி என்றார் இவர். லாரிக்காரர் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். "எழுது வாத்தியாரே, எனக்கும் முட்டி வலிக்குது," என்று சொல்லிவிட்டார்.

இவர் எழுதினார். எழுதியதையெல்லாம் சாப்பாட்டு வேளையில் எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு தலைவர், இரண்டு சபை. சின்ன வீடோ பெரிய வீடோ, வீட்டுக்கு இரண்டு பேர் மேல்சபையில். கீழ்சபையில் தலைக்கணக்கு. அமெரிக்கச் சட்டம் எழுதின பிலடெல்பியாவிலும் பெரிய மாநிலத்துக்கும் சின்ன மாநிலத்துக்கும் இந்தச் சண்டைதான் நடந்ததாம், கடைசியில் இப்படித்தான் ஆளுக்குப் பாதியாக ஒத்துக்கொண்டார்களாம். அங்கே பேசுவது வெளியே கேட்கக் கூடாதென்று கொளுத்துகிற கோடையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். எங்கள் கோயில் கொட்டகைக்குச் சுவரே கிடையாது, சாத்துவதற்கு ஜன்னலுக்கு எங்கே போவது? நடந்த வாக்குவாதமெல்லாம் தெருக்கோடி மளிகைக் கடைவரைக்கும் கேட்டது. இந்தி பேசுகிற வீட்டிலிருந்து வந்த மாப்பிள்ளைகளை அரை ஆளாக எண்ணலாம் என்று ஒருவர் சொன்னபோது, இவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியவர்களின் கதையைச் சொல்லி, "அந்தக் கற நம்ம கோயிலுக்கு வேணாம்," என்றார். மாப்பிள்ளைகள் முழு ஆளானார்கள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, "எங்கள எத்தன பங்கா எண்ணினீங்க?" என்று கேட்டேன்.

கவளம் பாதியில் நின்றது. "அங்கயும் அந்தக் காலத்துல பொம்பளைங்கள..."

"அவங்க மறந்தாங்க. அவங்க வூட்டுப் பொம்பளைங்க கேக்கலியா?"

"ஒரு அம்மா வீட்டுக்காரருக்குக் கடுதாசி எழுதிக் கேட்டாங்க."

"நான் கடுதாசியெல்லாம் எழுதல. நேர்லயே கேக்கறேன். இன்னும் கொஞ்சம் ரசம் விடவா?"

திருத்தம் கொண்டுவருவதாகச் சொன்னார். கொண்டும் வந்தார், கீழ்சபையில் தோற்றது. மறு வருஷம் பார்க்கலாம் என்றார்கள். திருத்துவதை அவரே அவ்வளவு கடினமாக்கி வைத்திருந்தார்: இரண்டு சபையும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்குமேல் பதிவிலுள்ள வீடுகளில் முக்கால் பங்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். "லேசா திருத்த முடிஞ்சா அது சட்டமில்ல, சிலேட்டு," என்பார்.

முதல் தலைவராக இவரையே தேர்ந்தெடுத்தார்கள். லாரிக்காரருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டுமே என்று அவரை நீதிபதி ஆக்கினார்கள். கை வைத்த நாற்காலி ஒன்று கொட்டகையின் மூலையில் போடப்பட்டது. வழக்கு என்று ஒன்றும் வராது என்றுதான் நினைத்தோம். அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் நீதிமன்றத்துக்குப் பெரிய வேலை இல்லையாம், உட்காரச் சரியான இடம்கூடக் கொடுக்கவில்லையாம். எங்கள் நீதிபதி நாற்காலியில் நன்றாகத் தூங்கினார்.

அந்தச் சட்டத்தில் இரண்டு விதிகளைச் சொல்லிவிடுகிறேன், அவைதான் பின்னால் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டின. ஒன்று, ஊர் என்றால் எது என்பது. எங்கள் ஆட்கள் சமபுலாவில் மட்டும் இல்லை. சூவாவில் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தார்கள், இந்தத் தீவிலேயே பினாங்கு என்று பெயர் வைத்த சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிற குடும்பம் ஒன்று தூரத்து ரக்கிராக்கியிலிருந்து வரும். தெருவை வைத்து எல்லை போட முடியாது. ஆகவே, கோயிலின் பதிவில் உள்ள வீடுகள் அனைத்தும் சேர்ந்ததே ஊர் என்று எழுதினார். நாட்டைவிட்டுப் போன குடும்பங்களையும் பதிவிலிருந்து எடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் பெயரை அடிக்க யாருக்குக் கை வரும்? ஆட்சி கவிழ்வதற்கு வெகு காலம் முன்பே கலிபோர்னியாவுக்குப் போய்விட்ட என் அண்ணன் வீடும் அதில் இருந்தது. வருஷா வருஷம் திருவிழாவுக்கு அவருடைய கட்டளைப் பணம் வந்துவிடும்.

இன்னொன்று, காப்பு. தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் விழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது வழக்கம்தான். அதை ஏன் எழுத வேண்டிவந்தது என்றால், ராணுவம் வந்த மறு வருஷம் கரகம் எடுக்கக் காப்புக் கட்டியிருந்தவர், நியூசிலாந்துக் காகிதம் வந்துவிட்டதென்று மஞ்சள் வேட்டியோடு டாக்சி பிடித்து ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார். கரகம் எடுக்க ஆளில்லாமல் நின்றது. பூசாரி குழந்தை மாதிரி அழுதார். இனிமேல் யாராக இருந்தாலும், தலைவரே ஆனாலும், தாண்டக் கூடாது என்று இவர் எழுதினார். அதற்கு மட்டும் இரண்டு சபையும் ஒருமனதாகக் கை தூக்கின. ஒருமுறை காப்புக் கட்டியிருந்த பினாங்குக்காரர் ஆலையில் வேலை என்று ராத்திரி வீட்டுக்குப் போய்த் திரும்பினார். எல்லை தாண்டிவிட்டார் என்று புகார் வந்தது. அவர் வீடு பதிவில் இருக்கிறது, ஆகவே அவர் ஊருக்குள்தான் இருந்தார் என்று தலைவரான இவரே விளக்கம் சொல்லி விட்டுவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அண்ணன் பல வருஷத்துக்கு முன் எனக்காகக் குடியேற்ற மனு போட்டிருந்தார். அது வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து ஒருவழியாக எங்கள் முறை வந்தது. மகள் எங்களோடு வர வேண்டுமானால், இருபத்தொரு வயது நிறைவதற்குள் அமெரிக்க மண்ணில் இறங்கியாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் அவள் பெயர் மனுவிலிருந்து விழுந்துவிடும், பிறகு அவள் தனியாக மனுப் போட்டு இன்னொரு வரிசையில் எத்தனையோ வருஷம் நிற்க வேண்டும். நாங்கள் ஒரு கரை, அவள் ஒரு கரை. அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தூதரக நேர்காணலில், எங்கள் நாட்டைப்பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று அந்த அதிகாரி, பாவம், இவரிடம் கேட்டுவிட்டார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் என்னை முறைத்தார்கள்.

நேர்காணல் முடிந்தும் விசா வரவில்லை. மருத்துவக் காகிதம் ஒன்று எங்கோ மாட்டிக்கொண்டது. பிறந்தநாள் நெருங்கியது, திருவிழாவும் நெருங்கியது. மகளுக்குத் தமிழ் அரைகுறை, அம்மனிடம் வேண்டுவதுகூட இந்தியில்தான். விசா வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தீ மிதிப்பதற்கு அந்த வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கொண்டாள். தலைவர் என்ற முறையில் இவரும் கட்டிக்கொண்டார், மிதிப்பதற்கல்ல, விழாவை முன்நின்று நடத்துவதற்கு. அம்மன் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை மூன்று பாஸ்போர்ட்டும் விசாவோடு வந்துவிட்டன. தீமிதி ஞாயிறு, பிறந்தநாள் அதற்கு முந்தின சனி. வியாழக்கிழமை விமானம் ஏறினால் மகளுக்கு அமெரிக்கா. ஞாயிறுவரை இருந்தால் இல்லை.

"காப்ப அவுத்துட்டுக் கௌம்புடி," என்றேன்.

"நை மம்மி. கேட்டது கொடுத்தாச்சு. நான் அவுக்கமாட்டேன்," என்றாள்.

இவரைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானே எழுதினது. நானே மீறினா, அந்த ராணுவத்தான் செஞ்சதுக்கும் நான் செய்யறதுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார், மகள் சாமியைப் பிடித்துக்கொண்டாள். நான் மூன்று விமான டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அமெரிக்கப் பெரியவர்கள் அத்தனை பேரின் பொய்முடியையும் பிய்த்திருப்பேன்.

புதன்கிழமை மாலை இரண்டு சபையையும் கூட்டினார்கள். இவர் தலைவர் இடத்திலிருந்து எழுந்தார். "என் பொண்ணு சமாச்சாரம். நான் உக்காரக் கூடாது," என்று சொல்லிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த நீதிபதியை எழுப்பி நடுவில் உட்கார வைத்தார். அதோடு நின்றிருக்கலாம். தானே எழுந்து நின்று, சட்டப்படி மகள் தாண்டக் கூடாது, எனக்காக யாரும் சட்டத்தை வளைக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி பேசினார். திருத்தம் கொண்டுவரலாம் என்றார் ஒருவர். எண்ணிப் பார்த்தார்கள். பதிவிலுள்ள வீடுகளில் பாதிக்குமேல் கடல் கடந்து போயிருந்தன. இங்கே இருக்கிறவர்கள் அத்தனை பேரும் இரண்டு கையையும் தூக்கினாலும் முக்கால் பங்கு வராது. "யாருக்குத் தெரியப்போவுது, சும்மா அனுப்பிடுங்க," என்றார் இன்னொருவர். "ராணுவத்தானும் அப்படித்தான் நெனச்சான்," என்றார் இவர்.

நான் பெண்களோடு பந்திக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்களுக்குக் கை தூக்கற உரிம இல்ல, சரி. பேசக் கூடாதுன்னு எழுதியிருக்கா?" என்று இவரைக் கேட்டேன்.

யோசித்தார். அந்த நேரத்திலும் யோசித்துத்தான் சொன்னார். "எழுதல."

"அப்ப பேசறேன். போன தடவ பினாங்குக்காரரு ராத்திரி ரக்கிராக்கிக்குப் போனாரு. எல்ல தாண்டலன்னு சொன்னது யாரு?"

"நான்தான். அவரு வீடு பதிவுல இருக்குது."

"எங்க அண்ணன் வீடு பதிவுல இல்லயா?"

"இருக்குது. ஆனா அது..."

"ஆனாவெல்லாம் அப்புறம். இப்ப முக்கா பங்கு வராதுன்னு எண்ணினீங்களே, எங்க அண்ணன் வீட்டச் சேத்துத்தானே எண்ணினீங்க? கை தூக்கறதுக்கு அது நம்ம ஊருன்னா, போறதுக்கும் அது நம்ம ஊருதான். என் பொண்ணு பதிவுல இருக்கற ஒரு வீட்ல இருந்து பதிவுல இருக்கற இன்னொரு வீட்டுக்குப் போறா. வழியில கொஞ்சம் தண்ணி கெடக்குது, அவ்ளோதான்."

லாரிக்காரர் கிண்ணத்தை வாங்கி நிதானமாகக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"வாத்தியாரே, சட்டம் இன்னா சொல்லுதுன்னு சொல்ற வேல யாருது?"

"உங்களுதுதான் அண்ணே."

"அது எங்க எழுதியிருக்குது?"

"எழுதல. அமெரிக்காவுலயும் எழுதல. அங்க இருந்த நீதிபதி, இது எங்க வேலதான்னு தானே எடுத்துக்கிட்டாரு."

"அப்ப நானும் எடுத்துக்கிறேன். கலிபோர்னியா ஊருக்குள்ளதான் இருக்குது. பொண்ணு போவலாம். காப்பு மட்டும் கையிலயே இருக்கணும், ஞாயித்துக்கெழம வரிக்கும் மாமன் வூட்ல சுத்தபத்தமா இருக்கணும். தீய அம்மா பாத்துக்குவா." பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, அந்தப் பூசணிக்காய முடிச்சுடு," என்றார்.

மகள் அழுதுகொண்டே வந்து கட்டிக்கொண்டாள். இவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, எதையோ மென்று விழுங்க முடியாத ஒரு பார்வையும் இருந்தது. தோற்ற வக்கீலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தீமிதி முடித்துவிட்டு வருகிறேன், நீங்கள் இருவரும் முன்னால் போங்கள் என்றார். எனக்கு அதில்தான் பயம். மனிதர் வராமலே இருந்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் அரித்தது. வியாழக்கிழமை வழியனுப்ப நாண்டி ஏர்போர்ட்வரைக்கும்கூட வரவில்லை, வீட்டு வாசலோடு சரி. "ஏர்போர்ட் பதிவுல இருக்கற வீடு இல்லயே," என்றார். மகள் அங்கேதானே போகிறாள் என்று கேட்டால், வழியில் கடப்பது வேறு, வழியனுப்பப் போவது வேறு என்று விளக்கம்.

"அமெரிக்காவோட மொதல் ஜனாதிபதி நாற்காலிய விட்டுட்டுத் தன் தோட்டத்துக்குத் திரும்பிப் போன கதய இருவது வருசமா கேட்டாச்சு," என்றேன். "அந்த நாற்காலிய விடற பாகத்த மட்டும் நீங்க செஞ்சுட்டு வந்துடுங்க."

சிரித்தார். டாக்சி திரும்பும்போது வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மகள் இருபத்தொன்று நிறையாமலே அமெரிக்காவில் இறங்கிவிட்டாள். முத்திரை விழுந்த சத்தம் கேட்டதும் பாஸ்போர்ட்டை வாங்கி என் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டேன். ஆனால் அதற்கடுத்த மேசையில் சீருடைப் பெண் ஒருத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நூலில் கட்டியிருக்கிறதே, அது கிழங்குதானே, மண்ணில் விளைவது எதுவும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தாள். நாலு பேர் நடுவில் அவ்வளவு வாதாடியவள், அங்கே எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கலிபோர்னியா நம்ம ஊர்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மகள்தான் பேசினாள். சாப்பாட்டுத் தட்டோடு வேறு அறைக்குப் போனவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. இது என் மத நம்பிக்கை, உங்கள் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தமே இதற்காகத்தானே கொண்டுவந்தார்கள் என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பெண் கத்தரிக்கோலோடு திகைத்து நின்றாள். மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்தார், பார்த்தார், தலையைச் சொறிந்தார். கடைசியில் ஆளுக்குப் பாதியாக முடிந்தது: மஞ்சள் கிழங்கு குப்பைத் தொட்டிக்கு, நூல் கையோடு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் மகள் குளித்துவிட்டு, கிழங்கில்லாத நூலைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி அடித்தது. லாரிக்காரர்.

"வாத்தியாரு நடந்துட்டாரு தங்கச்சி."

"எங்க?"

"எங்கயா? தீயிலதான். பொண்ணு பேரச் சொல்லிட்டு எறங்கிட்டாரு. நான் புடிச்சுப் பாத்தேன், நிக்கல."

வெயில் நேரத்தில் எங்கள் சிமெண்டு முற்றத்தைக் கடக்கக் குதிகாலில் துள்ளிக்கொண்டு ஓடுகிற மனிதர். வெந்நீர் கொஞ்சம் சூடாக இருந்தால் பக்கெட்டையே எட்ட வைக்கிறவர். அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நெருப்பில் நடந்ததை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அண்ணன் வந்து தொலைபேசியைக் கையிலிருந்து வாங்கினார்.

அதன்பின் தலைமையை ராஜினாமா செய்து, புதுத் தலைவருக்கு முறைப்படி தேர்தலும் நடத்திவிட்டு வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது பாதத்தில் கட்டு. விறகுக்குக் கீழ்சபை வேண்டியதற்குமேல் ஒதுக்கிவிட்டது, அதைத் தடுக்காமல் விட்டது தன் நிர்வாகத் தவறு என்றார். மகள் அவர் காலடியில் உட்கார்ந்து கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நடந்தீங்க?" என்று கேட்டேன். "தீர்ப்புதான் நம்ம பக்கம் வந்துடுச்சே."

அவர் அந்தப் பெரிய கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பெட்டி தள்ளுகிறவர்களை, அறிவிப்புப் பலகைகளை, எங்களைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகிற கூட்டத்தைப் பார்த்தார். எத்தனை வருஷமாகப் படித்த நாடு, அதில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"நீ பேசினது சட்டப்படி சரி," என்றார். "ஆனா இது நம்ம ஊரு இல்ல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரியும். புள்ள எல்ல தாண்டித்தான் வந்திருக்கு. யாராவது ஒருத்தர் நடந்துதானே ஆகணும்."

அப்பா என்ன சொல்கிறார் என்று மகள் இந்தியில் கேட்டாள். கால் வலிக்கிறதாம் என்றேன்.